முருகையன் பெயரில் ஐந்து ஏக்கர்

என் பெரியப்பா முருகையனுக்கு நிலம் இருந்ததா இல்லையா என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே பதில் வராது. இருந்தது என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய். பதினோராம் வகுப்பு முடித்து வேலை தேடி அலைந்த நாட்களில் இதைச் சிலரிடம் விளக்கப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பாதியில் சிக்கிக்கொண்டேன். கேட்டவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் அம்மாபேட்டையிலிருந்து உள்ளே தள்ளி, வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது. பெரியப்பா அங்கே துரைராசு பண்ணையில் மாட்டுக்காரர். மாடு மேய்ப்பவர் என்று நினைத்துவிடக் கூடாது. பண்ணையின் உழவு மாடு, வண்டி மாடு எல்லாமே அவர் பொறுப்பு. லாடம் கட்டுவது, தீனி போடுவது, ஏர் பூட்டுவது, பண்ணையார் வீட்டுப் பெண்கள் கோயிலுக்குப் போனால் வில்வண்டி ஓட்டுவது எல்லாம் அவர்தான். மனிதர்களிடம் பேசுவதைவிட மாடுகளிடம் அதிகம் பேசுவார். நுகத்தில் இடப்பக்கம் பூட்டுகிற இடத்து மாட்டுக்குக் கண்ணில் நீர் வடிந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. பெரியம்மா ராஜாத்தி, "எனக்குக் காய்ச்ச வந்தா மட்டும் கசாயத்த நீயே வச்சுக் குடிம்பாரு" என்று சொல்லிச் சிரிக்கும்.

அவருக்குப் படிப்பு கிடையாது. ஆனால் கையெழுத்துப் போடத் தெரியும். எங்கள் தெருவில் கட்சிக்காரப் பையன்கள் ஒரு படிப்பகம் வைத்திருந்தார்கள். கருப்பு சிவப்பு அடித்த கீற்றுக் கொட்டகை. அங்கே சாயங்காலத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பெரியப்பா தன் பெயரை மட்டும் கற்றுக்கொண்டு நின்றுவிட்டார். ஒவ்வொரு எழுத்தையும், வரப்போரம் வந்த ஏரை நிறுத்தித் திருப்புவது போல, நிறுத்தித் திருப்பித்தான் எழுதுவார். அந்தக் கையெழுத்துதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

பண்ணையாருக்கு இருபது வேலி நிலம். ஏக்கரில் சொன்னால் நூற்று முப்பதுக்கு மேல். சென்னையில் ஆட்சி மாறியது. ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஸ்டாண்டர்டு ஏக்கருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. சட்டம் வருவதற்கு முன்பே பண்ணையார் நிலத்தைப் பெயர் பெயராகப் பிரித்துவிட்டார். கொஞ்சம் சம்பந்தி வீட்டுக்கு, கொஞ்சம் கோயில் கட்டளைக்கு. அப்படியும் மிஞ்சியதைப் பண்ணையில் வேலை செய்தவர்கள் பெயரில் கிரயப் பத்திரம் போட்டார். கைநாட்டு வைக்கிறவன் ஐந்து ஏக்கர் வாங்கினான் என்றால் ஆபீசில் நம்ப மாட்டார்கள், கையெழுத்துப் போடுகிற ஆளாக வேண்டும் என்று தேடினார்கள். சமையல்காரர் அகப்பட்டார். பெரியப்பாவும் அகப்பட்டார்.

இதற்கு எங்கள் ஊரில் யாரும் பெரிய பெயர் வைக்கவில்லை. 'ஐயாவுக்கு ஒரு கையெழுத்து' என்பார்கள். வைக்கோல் போர் போடுவது, களம் காவல் இருப்பது, நெல் மூட்டை ஏற்றுவது போல, கையெழுத்துப் போடுவதும் பண்ணை வேலைகளில் ஒன்று. பெரியப்பா சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் கையெழுத்துப் போட்டார், காபி வாங்கிக் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்து மாட்டுக்குத் தவிடு கரைத்து வைத்தார். அதற்குப் பிறகு அதே ஐந்து ஏக்கரை அதே மாட்டைப் பூட்டி அதே கூலிக்கு உழுதார். விளைந்தது பண்ணைக் களஞ்சியத்துக்குப் போனது. வரியைப் பண்ணையே கட்டியது. பட்டா மட்டும் முருகையன் பெயரில் இருந்தது. அது இருக்கிறது என்பதே அவருக்கு நினைவில் இருந்ததா என்று தெரியவில்லை.

எழுபத்து மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் சமையல்காரர் இறந்துபோனார். சீர்காழியில் ஓட்டல் வேலையில் இருந்த அவர் மகன் காரியத்துக்கு வந்தான். அப்பாவின் பெட்டியைக் குடைந்தபோது பட்டாவைப் பார்த்தான். பதினாறாம் நாள் முடிந்ததும் ஒரு டிராக்டரை வாடகைக்குக் கொண்டுவந்து நிலத்தில் இறக்கிவிட்டான். ஊரே வேடிக்கை பார்த்தது. பண்ணை ஆட்கள் மறித்தார்கள், போலீஸ் வந்தது, கேஸ் ஆனது.

பண்ணையாருக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் ஒரு நாள் சாகப் போகிறவர்கள் என்பது அதுவரை அவருக்குத் தோன்றவில்லை. பண்ணைக் காரியஸ்தர் பஞ்சநாதன்தான் வழி சொன்னார். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் அந்த நிலம் பண்ணையார் பேரனுக்குப் போக வேண்டும் என்று உயில் எழுதிக் கொடுத்துவிடட்டும். உள்ளூர் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்குப் போனால் தெரிந்த முகங்கள் இருக்கும். தஞ்சாவூரில் நோட்டரி வக்கீலிடம் முத்திரை வாங்கிவிட்டால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும்.

முதல் ஆளாகப் பெரியப்பாவை அழைத்துப் போவது என்று முடிவாயிற்று. அவருக்கு அப்போது இருமல் இருந்ததுதான் காரணம் என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்கிறது.

இங்கேதான் இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். அந்த வருஷ வைகாசியில் அரசாங்கம் உபரி நிலத்தைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கியது. வேறொரு மிராசுதாரிடமிருந்து எடுத்த நிலம், வடிகாலுக்கு வடக்கே. நிலமே இல்லாத விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர். விவசாயத் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர் ராசு சைக்கிளில் தெருத்தெருவாக வந்து மனு எழுதினார். அவர் பக்கத்து ஊர்க்காரர், பெரியப்பாவின் கையெழுத்துக் கதை அவருக்குத் தெரியாது.

பெரியம்மாவுக்கு அந்த ஒரு ஏக்கர் மேல் அப்படி ஒரு ஆசை. நடவுக்குப் போகிற பெண்களில் பெரியம்மா கைதான் முந்தும்.

"அடுத்தவன் வயல்ல, அந்தி சாஞ்சா கையில இருக்கற நாத்தக் கீழ போட்டுட்டுக் கரையேறணும்" என்று சொல்லும். "நம்ம வயலா இருந்தா இன்னும் ரெண்டு முடி நாத்து நட்டுட்டு ஏறலாம்ல. யாரு கேக்கப் போறா?"

மனுவோடு ஒரு பிரமாண வாக்குமூலம் வேண்டும் என்றார் ராசு. 'எனக்கோ என் குடும்பத்தாருக்கோ நிலம் எதுவும் கிடையாது' என்று எழுதி நோட்டரி முத்திரை வாங்கி, வெள்ளிக்கிழமைக்குள் பாபநாசம் தாலுகா ஆபீசில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் பட்டியலில் பெயர் வராது. அந்த வாக்குமூலத்தை எழுதியும் கொடுத்துவிட்டுப் போனார்.

காரியஸ்தர் வந்து, "முருகையா, புதன்கிழமை தஞ்சாவூர் போறோம், நோட்டரிகிட்ட ஒரு கையெழுத்து" என்றதும் பெரியப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தனக்கும் நோட்டரியிடம்தான் வேலை, பண்ணைச் செலவிலேயே போய் வந்துவிடலாம். ராசு கொடுத்த காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்.

இரண்டு காகிதமும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும் என்று அவருக்குத் தோன்றவே இல்லையா என்று நான் கேட்டிருக்கிறேன்.

"ஒண்ணு பண்ணை வேலை, ஒண்ணு எஞ்சொந்த வேலை. ரெண்டும் எப்படிடா அடிச்சுக்கும்?" என்றார்.

பஸ்ஸில் காரியஸ்தர் பாடம் நடத்திக்கொண்டே வந்தார்.

"வக்கீலு கேப்பாரு, இது உன் நிலமான்னு. ஆமான்னு சொல்லணும்."

"ஐயா நெலந்தானுங்களே."

"அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், ஆத்துல போற தண்ணிக்கும் தெரியும். வக்கீலுக்குத் தெரிய வேணாம்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் இல்லைய்யா. பத்திரத்துல எழுதியிருக்கறத வாயால சொல்ற, அவ்வளவுதான். அப்பறம், சுய நெனவோட எழுதறியான்னு கேப்பாரு."

"நெனவோடதான வந்திருக்கேன்? பஸ்ஸுக்குக் கைகாட்டுனதே நாந்தானுங்களே."

"அதையும் அங்க சொல்லித் தொலைக்காத. ஆமான்னு மட்டும் சொல்லு. எது கேட்டாலும் ஆமாம்."

நோட்டரி வக்கீல் மீரா உசேனின் அறை கோர்ட்டுக்கு எதிரே, ஒரு பாத்திரக்கடைக்கு மாடியில் இருந்தது. ஓட்டுக்கூரை. டைப் அடிக்கிறவர் சட்டைப் பித்தானை அவிழ்த்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வக்கீலுக்கு அறுபது வயது இருக்கும். மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போன கோபம் முகத்தில் தெரிந்தது. மேஜையில் பித்தளை முத்திரை, பக்கத்தில் மைப்பெட்டி. காரியஸ்தர் உயிலை நீட்டினார். வக்கீல் வாய்விட்டுப் படித்தார். மேற்படி முருகையனாகிய நான், பண்ணையார் குடும்பத்தார் என்மீது காட்டிவந்த அன்பை முன்னிட்டு, எனக்குச் சொந்தமானதும் என் அனுபவத்தில் இருந்து வருவதுமான ஐந்து ஏக்கர் நஞ்சையை, என் காலத்துக்குப் பின் அவர்கள் பேரனுக்கு...

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்ப்பா, உனக்குப் பொஞ்சாதி இருக்கா?"

"ஆமாங்க."

"புள்ளைங்க?"

"ஒரு பொண்ணு. பட்டுக்கோட்டைப் பக்கம் கட்டிக் குடுத்திருக்குங்க."

"அவங்களுக்கு ஒண்ணும் எழுதாம பண்ணையார் பேரனுக்கு எழுதற?"

"ஆமாங்க."

"ஏன்?"

இதற்கு ஆமாம் என்று சொல்ல முடியாது. பெரியப்பா திரும்பிக் காரியஸ்தரைப் பார்த்தார். காரியஸ்தர் இருமினார்.

"இது உன் நிலந்தானே?" என்று வக்கீல் மறுபடி கேட்டார்.

பண்ணையார் எதிரில் இல்லைதான். ஆனாலும் அவர் நிலத்தைத் தன் நிலம் என்று சொல்லப் பெரியப்பாவுக்கு நாக்கு எழவில்லை. கடைசியில், "ஆமா... அப்படித்தாங்க சொல்லச் சொன்னாங்க" என்றார்.

டைப் அடிக்கிறவர் சிரித்துவிட்டார். காரியஸ்தர் அவசரமாக, "கிராமத்து ஆளுங்க, கோர்ட்டுப் பக்கம் வந்ததில்ல, பயப்படறான்" என்றார். அந்த நேரம் பார்த்து வக்கீல் சர்வே நம்பரில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தார். அந்தப் பக்கத்தைத் திரும்ப அடிக்க வேண்டும். அது முடிவதற்குள் பண்ணைப் பம்பு செட்டுக்கு ஒரு பெல்ட் வாங்கி வந்துவிடுகிறேன் என்று காரியஸ்தர் கீழே இறங்கினார். இறங்குவதற்கு முன், "வாயத் தொறக்காம உக்காந்திரு" என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

பெரியப்பா கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு மடியிலிருந்து காகிதத்தை எடுத்து, முழங்காலில் வைத்து நீவி, மேஜையில் வைத்தார்.

"வக்கீலய்யா, இது எம்பங்குக் காயிதம். இதுலயும் அந்த முத்திரையக் குத்திக் குடுத்தீங்கன்னா ஒரே நடையா முடிஞ்சிரும்."

வக்கீல் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். டைப் அடிக்கிறவரைக் கையமர்த்தினார். சத்தம் நின்றது.

"முருகையன்கறது நீதானே?"

"ஆமாங்க."

"இப்பத்தான் அஞ்சு ஏக்கர் உனக்குச் சொந்தம்னு ஒரு காயிதம் குடுத்த. இதுல நிலமே கெடையாதுன்னு சத்தியம் பண்ற."

"ஆமாங்க."

"எது நெசம்?"

"ரெண்டும் நெசந்தாங்க."

வக்கீலுக்குக் கோபம் வந்துவிட்டது. "வெளையாடறியா? என் முத்திரைய ரெண்டுலயும் குத்துனா, என்னைக்காவது ஒரு நாள் ரெண்டும் ஒரே மேஜைக்கு வந்து சேரும். அன்னைக்குக் கூண்டுல நான் ஏறி நிக்கணும். ஒளுங்காச் சொல்லு, அந்த நிலத்துக்குப் பணம் யார் குடுத்தது?"

"யாரும் குடுக்கலீங்க. கையெழுத்துதான் போட்டேன்."

"உழுதது யாரு?"

"நாந்தாங்க."

"வெளச்சல்?"

"ஐயா வீட்டுக்குப் போயிருங்க."

வக்கீல் நாற்காலியில் சாய்ந்தார். இப்போது அவருக்குப் புரிந்துவிட்டது. பெரியப்பாவுக்குத்தான் புரியவில்லை. வக்கீல் கோபத்தை விட்டுவிட்டு, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். சட்டத்தின் கண்ணுக்கு அந்த ஐந்து ஏக்கரும் முருகையன் சொத்து. உயில் எழுதிக் கொடுத்தாலும் அது அவர் செத்த பிறகுதான். உயிரோடு இருக்கிற வரைக்கும் நிலம் அவருடையதே. வேண்டாம் என்று தோன்றினால் நாளைக்கே உயிலை ரத்து செய்யலாம்.

"அப்ப நாளைக்கு அதுல நான் எனக்குன்னு உழலாங்களா?"

"சட்டப்படி உழலாம்."

"ஐயா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"அது எனக்கு எப்படிய்யா தெரியும்?"

பெரியப்பா தலையைச் சொறிந்தார். "அப்ப அந்த ஒரு ஏக்கர்?"

"அஞ்சு ஏக்கர் வச்சிருக்கவனுக்குக் கவர்மெண்டு எதுக்கு ஒரு ஏக்கர் குடுக்கும்? உன் பேர்ல பட்டா இருக்கற வரைக்கும் உனக்குக் கெடைக்காது."

அப்போதுதான் பெரியப்பாவுக்கு நெஞ்சில் அடித்தது. வேறு எதுவும் அவருக்கு ஒட்டவில்லை. பெரியம்மாவின் ஒரு ஏக்கர் போய்விட்டது என்பது மட்டும் ஒட்டியது.

பெல்ட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு காரியஸ்தர் படியேறி வந்தார். மேஜையில் இரண்டு காகிதமும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. அவர் முகம் சுருங்கியது. அவர் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா எழுந்து நின்றார்.

"பஞ்சநாதய்யா, எனக்கு ஒரு வழி தோணுதுங்க. ஐயா செத்... நான் செத்தப்பறம் குடுக்கறதுக்கு இப்பவே குடுத்துடறேன். அஞ்சு ஏக்கரயும் இன்னைக்கே ஐயா பேருக்கே எழுதி எடுத்துக்குங்க. எனக்குக் காலணா வேணாம். நான் நெலமில்லாதவனா ஆயிடறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிட்டாப் போதும்."

காரியஸ்தர் பதறிப்போனார். "ஐயோ, ஐயா பேருக்கு வரக் கூடாதுய்யா! வந்தா அளவு மீறிடும், அப்படியே தூக்கிட்டுப் போயிடுவாங்க!"

"அப்ப அவுங்க பேரன் பேருக்கு?"

"அதுவும் இப்ப கூடாது. நீ செத்தப்பறந்தான்."

"நான் சாவறதுக்குள்ள வெள்ளிக்கிழம வந்துருமேங்க."

டைப் அடிக்கிறவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு குலுங்கினார். பெரியப்பா சிரிப்புக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை.

"குடுக்கறேங்கறேன், வாங்க மாட்டேங்கறீங்க. வச்சுக்கன்னு சொல்லவும் மாட்டேங்கறீங்க. நான் என்னதாங்க பண்றது?"

வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு காயிதத்துக்கும் முத்திரை கெடையாது. ஒண்ணு பண்ணலாம். நடந்தத நடந்தபடி ஒரு வாக்குமூலமா எழுதித் தரேன். பத்திரத்துல பேரு இருக்கு, பணம் குடுக்கல, வெளச்சல் எடுக்கலன்னு. அதுக்குக் குத்தறேன். ஆனா அத தாலுகா ஆபீஸ்ல குடுத்தா அந்த அஞ்சு ஏக்கரும் உபரின்னு விசாரணைக்குப் போயிடும். யோசிச்சுக்க."

காரியஸ்தர் பெரியப்பாவின் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்தார். இப்போது அதட்டவில்லை, கெஞ்சினார். "முருகையா, வேணாம்ப்பா. ஐயா மொகத்துல எப்படி முழிப்ப? நாளைக்கு மாட்டுக் கொட்டாயில கால வைக்க முடியுமா? அந்த மாடு உன்ன விட்டுட்டு இருக்குமா?"

கடைசிக் கேள்வி பெரியப்பாவைத் தைத்தது. அவர் நின்று யோசித்தார். வேலை போகும். மாடு போகும். மனு கொடுத்தாலும் ஒரு ஏக்கர் வருமா என்பது நிச்சயமில்லை. பிறகு வக்கீலிடம் வந்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டா ஐயாவுக்கு ஜெயிலுங்களா?"

"அதெல்லாம் இல்ல. நிலம் போகும்."

"ஐயாவுக்கு வேற நெலம் கெடக்குங்களே" என்றார் பெரியப்பா, பாதி தனக்குத்தானே. "எழுதுங்க."

வக்கீல் சொல்லச் சொல்ல டைப் ஓடியது. முடிந்ததும் வாசித்துக் காட்டினார். பெரியப்பா ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தித் திருப்பித் தன் பெயரை எழுதினார். முத்திரை விழுந்தது.

அதில் ஏன் கையெழுத்துப் போட்டார் என்று ஊரில் எத்தனையோ விதமாகப் பேசினார்கள். சங்கத்துக்காரர்கள் தூண்டிவிட்டார்கள் என்றார்கள். பெரியம்மா மந்திரித்துவிட்டது என்றுகூடச் சொன்னார்கள். என்னிடம் அவர் சொன்ன காரணம் வேறு. "மொதக் காயிதத்தப் படிக்கறப்ப வக்கீலு நிறுத்தி நிறுத்தி ஏன் ஏன்னு கேட்டாரு. ரெண்டாவதுக்கும் கேட்டாரு. இதப் படிக்கறப்ப ஒண்ணும் கேக்கல. சரி, இதுதான் போலருக்குன்னு போட்டேன்."

திரும்பும் பஸ்ஸில் காரியஸ்தர் முன் சீட்டிலும் பெரியப்பா பின் சீட்டிலும் உட்கார்ந்து வந்தார்கள்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் பெரியம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டது. "அஞ்சு ஏக்கர் நம்ம பேர்ல கெடந்துச்சா? இத்தன வருசமா? அதுலதான நான் கூலிக்கு நட்டேன்?" பிறகு, "அஞ்ச வேணாம்னுட்டு ஒண்ணுக்கு மனுப் போட்டவன் ஒலகத்துலயே நீ ஒருத்தந்தான்யா" என்றது. திட்டுகிறதா சிரிக்கிறதா என்று தெரியவில்லை என்பார் பெரியப்பா.

பண்ணையார் சத்தம் போடவில்லை. "மாட்ட அவுத்துப் புது ஆளுகிட்டக் குடுத்துட்டுப் போ" என்று மட்டும் சொன்னார். ஆனால் இடத்து மாடு புது ஆளை அண்டவிடாமல் உதைத்தது. அதனால் வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட பெரியப்பா, மாடு புது ஆளுக்குப் பழகும் வரை ஒரு வாரம் தினமும் மாட்டுக் கொட்டகைக்குப் போய் வேலை செய்தார். அதற்குக் கூலி உண்டா என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ராசுவோடு பாபநாசம் போய் வாக்குமூலத்தைக் கொடுத்தார்கள். அதிகாரி படித்துவிட்டு மெச்சினார். ஆனால் பட்டியலில் பெயர் சேர்க்க முடியாது என்றார். "பட்டா ரத்தாகி உத்தரவு வர்ற வரைக்கும் நீங்க நிலமுள்ளவர்தான்."

"நாந்தான் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டேனேங்க."

"நீங்க குடுத்துட்டீங்க. நாங்க இன்னும் எடுத்துக்கலையே."

அந்த ஆடியில் வடிகாலுக்கு வடக்கே எங்கள் தெருக்காரர்கள் பலர் சொந்த நிலத்தில் ஏர் பூட்டினார்கள். பெரியப்பா அவர்களுக்குக் கூலிக்கு உழப் போனார். டீக்கடையில் அவர் நுழைந்தால், "வாங்க மிராசுதாரே, உங்களுக்குக் காபியா, கூழா?" என்று கேட்பார்கள். அவர் பெஞ்சியின் ஓரத்தில் உட்காருவார். பெரியம்மா மட்டும் விடாது. "ஆமா, மிராசுதாருதான். நீங்க குடிச்ச டீக்கும் சேத்துக் கணக்கெழுதிக்கச் சொல்லுங்க, வெளஞ்சதும் தரோம்" என்று வாசலிலிருந்தே சொல்லும்.

விசாரணை இழுத்தது. பண்ணையார் தரப்பில் வக்கீல் வைத்தார்கள். முருகையன் பணம் கொடுத்துத்தான் வாங்கினான், இப்போது புத்தி பேதலித்துவிட்டது என்று வாதாடினார்கள். ஆக, அந்த நிலம் பெரியப்பாவுடையதுதான் என்று பண்ணையார் சாதித்தார். அந்த நிலம் பண்ணையாருடையதுதான் என்று பெரியப்பா சாதித்தார். இரண்டு பேரும் எதிராளிக்காக வழக்காடியதைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. ஒரு விசாரணைக்கு நானும் போயிருந்தேன். வெளியே வந்தபோது யார் பக்கம் யார் என்று விரல்விட்டு எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

கடைசியில் உத்தரவு வந்தது. ஐந்து ஏக்கரும் உபரி. ஐந்து குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இப்போது பெரியப்பா நிலமில்லாதவர் ஆகிவிட்டதால் அவர் பெயரும் அதில் இருந்தது. அவர் பங்கு தாழ்ந்த கோடியில் வந்தது. மழை பெய்தால் தண்ணீர் வடியக் கடைசியாக வழி கிடைக்கிற இடம். பெரியம்மா வரப்பில் ஏறிப் பார்த்துவிட்டு, "அஞ்சுலயும் இதுதான் மோசம்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?" என்றது. "தெரியும். நாந்தான உழுதேன்" என்றார் பெரியப்பா.

உத்தரவுக்கு அடுத்த ஆடியில் முறைத்தண்ணீர் வந்ததும் வாடகை மாட்டைப் பூட்டி முதல் உழவு ஓட்டினார். மாடு அவர் பேச்சுக்கு இன்னும் பழகவில்லை, திருப்பத்தில் இழுத்தது. நான் மண்வெட்டியோடு வரப்பு வெட்டிக்கொண்டிருந்தேன். அப்போது காரியஸ்தர் பஞ்சநாதன் வந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேற்று வரப்பில் தடுமாறிக்கொண்டு வந்தார். அந்தப் பஸ் பிரயாணத்துக்குப் பிறகு அவர் பெரியப்பாவிடம் பேசி நான் பார்த்ததில்லை.

"நல்லா இருக்கியா முருகையா?"

"இருக்கேங்க. வாங்க. சேறு, பாத்து."

காரியஸ்தர் நாலாபுறமும் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் போக மாட்டேன் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னைக்கு அந்த வக்கீலு உங்கிட்ட என்னென்ன கேட்டாரு? நான் பெல்ட்டு வாங்கப் போனப்ப. வரிசையாச் சொல்லு."

"எதுக்குங்க?"

"ஐயா எங்கிட்ட ஒரு உயிலு கேக்கறாரு." காரியஸ்தர் செருப்பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "எம்பேர்லயும் மூணு ஏக்கர் இருக்குப்பா. எம்பொஞ்சாதிக்குக்கூடத் தெரியாது."

பெரியப்பா ஏரை நிறுத்தினார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. அவரை உண்மையாகவே நெடுநாளாகக் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்பவர் போலக் கேட்டார்.

"அப்ப உங்களுக்கு நெலம் இருக்கா, இல்லைங்களா?"

காரியஸ்தர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "அதுதான்யா எனக்குத் தெரியல. உனக்குத் தெரிஞ்சா சொல்லு."